கல்லிடைக்குறிச்சியில் யாரும் இறங்கவில்லை

ஜூலை 12, சனி

நாட்குறிப்பு எழுதுகிற ஆள் நான் இல்லை. அதற்கெல்லாம் வீட்டில் சோலி இல்லாமல் இருக்க வேண்டும். ஆசீர் சார் எழுதச் சொல்லியிருக்கிறார். அன்றன்று பார்த்தது, கேட்டது, தின்றது, யாரிடம் என்ன பேசினேன் என்று எல்லாவற்றையும் ஞாபகத்திலிருந்து எழுத வேண்டுமாம். “ஞாபகம் இல்லாததை என்ன சார் செய்ய?” என்றேன். “இல்லைன்னு எழுதுங்க டீச்சர்” என்றார்.

ஆசீர் சார் கல்லூரியில் உளவியல் நடத்தி ஓய்வு பெற்றவர். முருகன்குறிச்சியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே மாடியில் அறை வைத்திருக்கிறார். வாசலில் ‘அறிதுயில் ஆலோசனை’ என்று கையகலப் பலகை. ஹிப்னாடிசம் என்று பெரிதாக எழுதினால் செய்வினை எடுக்கச் சொல்லிக் கோழியோடு வந்துவிடுகிறார்களாம். எங்கள் பள்ளிக்கூடத்து மெர்சி டீச்சர்தான் இவரிடம் அனுப்பிவைத்தாள்.

எனக்கு வந்த கேடு தகுதித் தேர்வு. இத்தனை வருஷம் அஞ்சாம் வகுப்புக்குப் பாடம் நடத்திவிட்டேன். இப்போது நான் பாடம் நடத்தத் தகுதி உள்ளவள்தானா என்று பரீட்சை. இரண்டு தடவை எழுதியாயிற்று. இரண்டு தடவையும் ஒரே கதை. கேள்வித்தாளைக் கையில் வாங்கியதும், விழுந்து விழுந்து படித்ததெல்லாம் துடைத்த கரும்பலகை. போன மாதம் தாளாளர் கூப்பிட்டுவிட்டார். “உங்களை வேலையை விட்டு அனுப்ப எனக்கு மனசில்லை டீச்சர். இந்தத் தடவையும் தேறலைன்னா, வர்ற ஜூன்ல நான் ஒண்ணும் செய்ய முடியாது” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். மரியாதையாக வெட்டினால் கழுத்து வலிக்காதா?

ஆசீர் சார் பசப்பவில்லை. “இது மந்திரம் இல்ல. படிக்காததை என்னால வரவைக்க முடியாது. படிச்சதை மறிச்சுக்கிட்டு ஒரு பயம் நிக்குது. அதைக் கொஞ்சம் நகர்த்திப் பார்க்கலாம்” என்றார். பிறகு சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து, சுவரில் ஒரு கறுப்புப் பொட்டைப் பார்க்கச் சொல்லி, மெல்லப் பேசினார். கை கனக்கிறது, கண் கனக்கிறது என்றார். எனக்கும் கனத்தது. கடைசியில் எழுப்பி, “குறட்டை விட்டீங்க டீச்சர். இது அறிதுயில் இல்ல, வெறும் துயில்” என்றார். வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் எவ்வளவு நாள் கழித்துத் தூங்கினேன் என்பது அவருக்குத் தெரியாது.

ஜூலை 14, திங்கள்

காலையில் இட்லி, தக்காளிச் சட்னி. பள்ளிக்கூடத்தில் செண்பகவல்லி புளியோதரை கொண்டுவந்தாள். முகமது யாசீன் கொண்டுவரவில்லை, என் டப்பாவில் பாதி கொடுத்தேன். ஆறு பிள்ளைகள் வரவில்லை. நாலு பேருக்குக் காய்ச்சல், ஒருத்திக்கு அக்கா சடங்கு, ஒருவன் சும்மா.

முதல் பாடவேளையில் வீட்டுக்காரர் போன். “ஏளா மறதி, கண்ணாடி எடுத்தியா?” எடுத்துவிட்டேன் என்றேன். மத்தியானம் மறுபடியும் போன். “கண்ணாடி எடுத்தியா?” காலையிலேயே கேட்டாச்சே என்றால், “மறதிக்கு ரெண்டு தடவை சொன்னாத்தான் ஏறும்” என்று சிரிப்பு.

என் வீட்டுக்காரர் பெயர் கோமதிநாயகம். பாபநாசம் வண்டியில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டி நிறைய ஆள் நின்றாலும் யாருக்கு எந்த ஊர், யார் இன்னும் டிக்கெட் எடுக்கவில்லை என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். எனக்கு வாய்த்த பெயர் மறதி. கல்யாணமான மறுநாள் நெல்லையப்பர் கோயிலுக்குப் போய்விட்டு, செருப்பை வாசலிலேயே விட்டு வெறுங்காலோடு ஆட்டோ ஏறிவிட்டேன். புதுப்பெண், பதட்டம். அன்றைக்கு வைத்த பெயர். பெற்றவர்கள் சண்முகவடிவு என்று ஆசையாக வைத்த பெயரை, கோபம் வந்தால் மட்டும்தான் எடுப்பார். “வடிவு” என்று கூப்பிட்டால் அன்றைக்கு வீட்டில் சண்டை. மறதி என்றால் எல்லாம் சுகம்.

சாவி, குடை, கண்ணாடி, கேஸ் அடுப்பு, பால் கார்டு, எல்லாம் அவர் பார்த்துக்கொள்வார். நான் மறந்துவிட்டுப் பேசாமல் இருக்கலாம்.

ஜூலை 19, சனி

இன்று குறட்டை இல்லை. சத்தம் எல்லாம் கேட்டது. கீழே கண்ணாடிக் கடையில் யாரோ எழுத்து வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் எழுந்திருக்க மனசில்லை. ஆசீர் சார் குரல் மட்டும் பக்கத்தில் இருந்தது. “நீங்க பார்த்தது, கேட்டது, படிச்சது எல்லாம் உள்ள பத்திரமா இருக்கு. தேடிக்கிட்டு ஓடாதீங்க. நீங்க பாட்டுக்கு இருங்க. எல்லாம் அதுவா வரும்.”

பிறகு ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளச் சொன்னார். கேட்டாலே வீட்டுக்கு வந்துவிட்ட மாதிரி இருக்கிற சொல். அவரிடம்கூடச் சொல்ல வேண்டாமாம். படிக்க உட்காரும்போதும் பரீட்சை எழுதும்போதும் அதை மனசுக்குள் சொன்னால், இந்த நாற்காலியில் இருக்கிற அமைதி வரும் என்றார்.

நான் யோசிக்கவே இல்லை. சட்டென்று ஒன்று வந்து நின்றது. என்ன சொல் என்று இங்கே எழுதவில்லை.

ஜூலை 24, வியாழன்

சாம்பார் தீய்ந்துவிட்டது. படித்துக்கொண்டிருந்தேன். வேறொன்றும் ஞாபகமில்லை.

ஜூலை 27, ஞாயிறு

மெர்சி டீச்சர் கொடுத்த மாதிரித் தேர்வை வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு எழுதினேன். எழுதுவதற்கு முன்னால் அந்தச் சொல்லை மனசுக்குள் பத்துப் பதினைந்து தடவை சொல்லிக்கொண்டேன். அமைதி வரத்தான் செய்தது. அமைதி மட்டும்தான் வந்தது. போன தடவை தெரிந்ததுகூட இந்தத் தடவை தெரியவில்லை. கொஞ்சமும் பதறாமல், சந்தோஷமாக, ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். எழுதி முடித்துவிட்டு அழுதேன். ஆழம் தெரியாமல் காலை விட்டுவிட்டேனோ என்று இருக்கிறது.

வீட்டுக்காரர் வந்து தாளை வாங்கிப் பார்த்தார். “இதுல இம்புட்டு வெள்ளைக்காரன் பேரு கெடக்கே. இவனுவள எப்படி ஞாபகம் வச்சிருக்க?” என்றார்.

“வச்சிருந்தா ஏன் அழுதேன்?”

“வண்டில ஏத்து” என்றார். “நான் அப்படித்தான் வச்சிருந்தேன். ஆளை ஞாபகம் வைக்கப்பிடாது, அவன் இறங்குற ஊர ஞாபகம் வைக்கணும். ஊரு ஓடிப் போவாதுல்லா. சேரன்மாதேவில யாரு?”

அவருடைய பாபநாசம் வழியில் ஊர் ஊராக என் உளவியல்காரர்களை இறக்கினோம். சேரன்மாதேவியில் ஸ்கின்னர் என்றேன். வீரவநல்லூரில் வைகாட்ஸ்கி. கல்லிடைக்குறிச்சியில் ஒழுக்க வளர்ச்சி பற்றிச் சொன்ன கோல்பர்க். மோனை தானாகவே அமைந்தது. அம்பாசமுத்திரத்தில் மறத்தலைப் பற்றி ஆராய்ந்த எபிங்ஹாஸ், அவருக்கு மட்டும் மோனை அமையவில்லை. பாபநாசத்தில் பாவ்லோவ், நாயோடு இறங்கினார். “நாய்க்கும் லக்கேஜ் போடணும்” என்றார் இவர். அழுத கண்ணோடு சிரித்தேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம், தயிர்ச்சாதம் கட்டிக்கொண்டு குறுக்குத்துறை போய் ஆற்றைப் பார்த்தோம். ஓசூரிலிருந்து மகன் பிரம்மு வீடியோவில் வந்தான். தண்ணீரைக் காட்டச் சொன்னான். கூட்டத்தைத்தான் காட்ட முடிந்தது.

அவரை உப்பு வாங்கி வரச் சொன்னேன், வாங்கி வந்தார். திரும்பவும் போய் வாங்கி வந்தார். சாயங்காலம் பார்த்தால் அலமாரியில் இன்னொன்று. “என்ன, உப்பளமா வைக்கப் போறிய?” என்றேன். “விலை ஏறப் போகுதாம்” என்றார். உப்பு விலை ஏறும் என்று எவன் சொன்னானோ.

ஆகஸ்ட் 9, சனி

இன்றைக்கு வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

மாதிரித் தேர்வு மோசமாகிக்கொண்டே போகிறது, உங்கள் வித்தை எனக்குப் பலிக்கவில்லை, இன்றோடு போதும் என்று ஆசீர் சாரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. போன திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்று கேட்டார். சொன்னேன். யார் யார் என்ன கொண்டுவந்தார்கள், எவன் எவளைக் கிள்ளினான், பிரேயரில் எந்தக் குறள். அதற்கு முந்தின திங்கள்? அதையும் சொன்னேன். “மறதிக்காரங்க பேசுற பேச்சா டீச்சர் இது?” என்றார். பிறகு, “அன்னிக்கு ஒரு சொல் எடுத்துக்கச் சொன்னேனே. தப்பா நினைக்காதீங்க. அது என்ன சொல்?” என்று கேட்டார்.

சொன்னேன். மறதி.

அவருக்கு முதலில் விளங்கவில்லை. வீட்டுக்காரர் என்னைக் கூப்பிடுகிற பெயர் என்றேன். சிரிக்க ஆரம்பித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். “ஞாபகம் வரணும்னு கண்ணை மூடி, மறதி மறதின்னு சொல்லிக்கிட்டு இருந்திருக்கீங்க. என் முப்பது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒருத்தரை நான் பார்த்ததில்ல.” எனக்கும் சிரிப்பு வந்தது. கூறுகெட்டவள் நான். கேட்டால் வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கிற சொல்லைத்தானே கேட்டார்? எனக்கு அதுதான் அப்படி இருக்கிறது, நான் என்ன செய்ய?

பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னார். “நான் வாரத்துல ஒரு நாள் செய்யறதை, உங்க வீட்டுக்காரர் தினமும் செய்றார். அதுவும் பிரியமா. பிரியமா சொன்னா ஆழமா இறங்கும் டீச்சர். அவர் மேல தப்பில்ல. பரீட்சை முடியற வரைக்கும் அந்தப் பேரைச் சொல்ல வேண்டாம்னு சொல்லிப் பாருங்க. நீங்களும் வேற சொல் எடுத்துக்குங்க.”

வேறு சொல்லுக்கும் நான் தூரமாகப் போகவில்லை. வீட்டுக்காரர் வண்டியில் சொல்லிக்கொண்டிருந்த சொல்தான். ரைட், போலாம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அவரிடம் சொன்னேன். செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார். முகம் சுருங்கிப் போயிற்று. “நான் ஆசையாத்தானளா சொன்னேன். அதனாலயா நீ பெயிலான?” என்றார்.

அப்படி இல்லை, சார் சும்மா ஒரு முயற்சிக்குச் சொல்கிறார் என்றேன். “சரி, சொல்லல. வடிவுன்னே கூப்பிடுதேன்” என்றார். சண்டை போடாத நாளில் வடிவு என்று கேட்க எனக்கே என்னவோ போல் இருந்தது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி மாதிரி ஆயிற்றோ என்னவோ.

ஆகஸ்ட் 22, வெள்ளி

மனுஷன் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறார். கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். வாசற்படியில் நின்று “ஏளா...” என்றார். பிறகு வாயைத் திறந்தபடியே நின்றார். மறதி என்று வந்துவிடப் போகிறதே என்று அடக்குகிறார் போல. அடக்கி அடக்கி, கடைசியில் வடிவும் வரவில்லை. கையைத் தட்டிக் கூப்பிட்டார். “நான் என்ன ஆடா மாடா?” என்றேன். சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

புதுச் சொல் வேலை செய்கிறது. ரைட், போலாம் என்று மனசுக்குள் சொன்னால் விசில் சத்தமே கேட்கிறது. இன்றைய மாதிரித் தேர்வில் இதுவரை இல்லாத மதிப்பெண்.

செப்டம்பர் 6, சனி

என்னை முருகன்குறிச்சியில் வந்து கூட்டிக்கொண்டு போக வேண்டியவர், வண்ணாரப்பேட்டையில் போய் வண்டியை நிறுத்திக்கொண்டு நின்றிருக்கிறார். வெயிலில் காத்துக் காத்து எனக்குத் தலை வலி. போன் போட்டால், “எங்க நிக்க? நான் வந்து எம்புட்டு நேரமாச்சு” என்று என்மேல் பாய்ச்சல். வந்ததும் நன்றாகக் கொடுத்தேன். நடு ரோட்டில் கத்தியிருக்க வேண்டாம். அவர் ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை. அதிசயம்தான். வழியில் வண்டியை நிறுத்தி இளநீர் வாங்கிக் கொடுத்தார்.

செப்டம்பர் 21, ஞாயிறு

ஓசூரில் பிரம்முவுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. பாயசம் வைத்தேன்.

பாயசம் குடித்துக்கொண்டே அவர் எனக்குப் பரீட்சை வைத்தார். வண்டியை அவர் ஓட்டுவார், ஆளை நான் இறக்க வேண்டும். “சேரன்மாதேவி!” ஸ்கின்னர். “வீரவநல்லூர்!” வைகாட்ஸ்கி. “அம்பாசமுத்திரம்!” என்றார்.

“கல்லிடைக்குறிச்சிய விட்டுட்டியளே” என்றேன்.

டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “அங்க யாரும் இறங்கலளா. அதான் நிக்காமப் போறேன்” என்றார்.

“கோல்பர்க்கு டிக்கெட் எடுத்துட்டு நிக்காரே, பாவம்” என்றேன். ரொம்ப நேரம் சிரித்தோம். நான்தான் ரொம்ப நேரம் சிரித்தேன்.

அக்டோபர் 11, சனி

நாளை பரீட்சை. ஆசீர் சார் இன்று புதிதாக ஒன்றும் செய்யவில்லை. அந்தப் பழைய வரியையே சொன்னார். பார்த்தது, கேட்டது, படிச்சது எல்லாம் உள்ளே இருக்கு. எல்லாம் அதுவா வரும்.

பேனா, ஹால் டிக்கெட், ஆதார், கண்ணாடி எல்லாவற்றையும் நானே எடுத்து வைத்துவிட்டேன். அவர் கேட்கட்டும் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

இதை எழுதத்தான் வேண்டுமா என்று தெரியவில்லை. எழுதாவிட்டாலும் இது போகப் போவதில்லை.

கேள்வித்தாள் கைக்கு வந்தது. ரைட், போலாம் என்றேன். விசில் கேட்டது. பயம் ஒரு ஓரமாய்ப் போய் உட்கார்ந்தது. முதல் பக்கம் தண்ணீர்பட்ட பாடு. தமிழ், கணக்கு எல்லாம் ஓடியது. உளவியலில் ஒழுக்க வளர்ச்சி பற்றி ஒரு கேள்வி. வண்டியை எடுத்தேன். சேரன்மாதேவி, வீரவநல்லூர். ஊர்ப் பெயரைச் சொன்னது என் குரல் இல்லை, அவர் குரல். அந்தக் குரல் வீரவநல்லூரிலிருந்து நேரே அம்பாசமுத்திரம் போயிற்று.

நான் பின்னால் வந்து கல்லிடைக்குறிச்சியில் கோல்பர்க்கைப் பிடித்தேன். விடையை நிரப்பினேன். அடுத்த கேள்வி, ‘மறதி ஏற்படுவதற்கான காரணங்களுள்’ என்று தொடங்கியது. மறதி. அச்சில் அந்தச் சொல்லைப் பார்த்ததும் அவர் கூப்பிட்ட மாதிரியே இருந்தது. அதற்குப் பிறகு எல்லாம் வந்தது.

அங்க யாரும் இறங்கலளா. ஆயுசெல்லாம் அந்த வழியில் வண்டி போனவர். கல்லிடைக்குறிச்சியில் ஆள் இறங்காத வண்டி உண்டா? அப்பளக் கூடையோடு ஏறுகிற பெண்களைப் பற்றி எத்தனை கதை சொல்லியிருக்கிறார். அன்றைக்கு டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாரே, அந்த முகம் வந்தது. மூன்று உப்புப் பொட்டலமும் வந்தன. ஒரே நாளில் இரண்டு தடவை கண்ணாடி எடுத்தியா என்றது வந்தது. வண்ணாரப்பேட்டை. நான் கத்தியபோது திருப்பிப் பேசாமல் நின்றது. கொல்லை வாசலில் வாயைத் திறந்தபடி நின்றாரே, அவர் எதையும் அடக்கவில்லை. என் பெயரைத் தேடியிருக்கிறார். அது கிடைக்காமல்தான் கையைத் தட்டியிருக்கிறார். ஆடா மாடா என்று கேட்டேன் நான்.

எல்லாம் வரும் என்றாரே ஆசீர் சார். எல்லாம் என்றால் இதுவும்தானா?

அழுதுவிட்டேன். மேற்பார்வைக்கு நின்ற பெண் தண்ணீர் கொண்டுவந்து, “பதட்டப்படாதீங்கம்மா, தெரிஞ்சதை எழுதுங்க” என்றாள். தெரிந்துவிட்டதுதானம்மா கஷ்டம் என்று அவளிடம் எப்படிச் சொல்ல? முகத்தைத் துடைத்துக்கொண்டு எல்லாக் கேள்விக்கும் விடை எழுதினேன். ஒன்றைக்கூட விடவில்லை.

வெளியே வந்தால், சரியான வாசலில், வெயிலில், கையில் சோடாவோடு நிற்கிறார். எப்போதிருந்து நிற்கிறாரோ, சட்டை நனைந்திருந்தது. “வந்துதா?” என்றார்.

“எல்லாம் வந்துது” என்றேன்.

“நான் சொன்னேம்லா” என்று அத்தனை சந்தோஷம்.

வண்டியில் பின்னால் உட்கார்ந்து, அவர் கேட்காமலே, இடது பக்கம், நேரே, அந்தப் பெட்ரோல் பங்க் தாண்டி வலது பக்கம் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். எதற்குச் சொல்கிறாய் என்று அவர் கேட்கவில்லை.

அக்டோபர் 13, திங்கள்

அவருக்குக் கண்ணாடியை நான் எடுத்துக் கொடுத்தேன்.

அக்டோபர் 18, சனி

நேற்று நரம்பு டாக்டரிடம் போனோம். எனக்குக் கழுத்து வலி என்று பொய் சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் அறை வாசலில் பெயர் கூப்பிட்டார்கள், கோமதிநாயகம் என்று. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“எனக்குத் தெரியும்ளா” என்றார்.

உள்ளே என்னென்னவோ கேட்டார்கள். தேதி, கிழமை, நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கிற கணக்கு. மூன்று பொருளைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பச் சொல்லச் சொன்னார்கள். எனக்கு மூன்றும் இப்போதும் ஞாபகம் இருக்கிறது. நாற்காலி, மாம்பழம், ரயில். அவருக்கு ரயில் மட்டும் வந்தது. ஸ்கேன் எடுக்க வேண்டும், மாத்திரையில் கொஞ்சம் தள்ளிப்போடலாம், திருப்ப முடியாது என்றார் டாக்டர். நல்ல மனுஷன், மெதுவாகத்தான் சொன்னார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எப்போதிலிருந்து என்று கேட்டேன். “பொங்கலுக்குப் பொறவு ஒரு நாளு, ஜங்ஷன்ல நிக்கேன். வீட்டுக்கு எந்த வண்டின்னு தெரியல. ஏதோ ஒண்ணுல ஏறிட்டேன். எங்க இறங்கணும்னு கண்டக்டர் கேக்கான். என்கிட்ட கேக்கான் வடிவு” என்றார். அவர் கண் கலங்கிப் பார்த்ததே இல்லை நான்.

“ஏன் என்கிட்ட சொல்லல?”

“நீ பரீட்சை எழுதி முடிக்கட்டும்னு இருந்தேன். சொல்லியிருந்தா படிச்சிருப்பியா?”

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இந்தக் கெட்டிக்காரர் எட்டு மாதத்துக்கு மேல் புளுகிவிட்டார், நானும் உப்பு விலையை நம்பிவிட்டேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். நாலு பேர் பார்க்கிற இடத்தில் நாங்கள் அப்படி உட்கார்ந்ததில்லை.

இன்று ஆசீர் சாரிடம் தனியாகப் போனேன். வீட்டுக்காரருக்கும் இதைச் செய்ய முடியுமா, ஒரு சொல்லைக் கொடுத்து எல்லாவற்றையும் வரவைக்க முடியுமா என்று கேட்டேன். முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்டேன்.

“முடியாது டீச்சர். பொய் சொல்ல மாட்டேன். உங்களுக்கு உள்ள எல்லாம் இருந்துது, பயம் மறிச்சுக்கிட்டு நின்னுது. அவருக்கு உள்ள இருக்கிறதே கரையுது” என்றார். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, “ஆனா பயம் அவருக்கும் இருக்கும். தேடித் தேடிக் கிடைக்காத பயம். அதை நகர்த்தலாம். அதுக்கு நான் வேண்டாம். நீங்க போதும். தேடிக்கிட்டு ஓட விடாதீங்க” என்றார்.

இன்றைக்குக் கட்டணம் வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

நவம்பர் 21, வெள்ளி

தேறிவிட்டேன்.

மத்தியானம் மெர்சி டீச்சர் போனில் பார்த்துச் சொன்னாள். தாளாளர் கைகுலுக்கினார். பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தேன். செண்பகவல்லி, “டீச்சர், நீங்க எத்தனாவது ரேங்க்?” என்றாள்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அவர் என்னை அப்படியே கட்டிக்கொண்டார். எதிர்வீட்டு மைதீன் பாய் வீட்டுக்கு ஓடிப்போய், எங்க வீட்டுல பாஸாயிட்டா என்று சொல்லிவிட்டு வந்தார். காப்பி குடிக்கும்போது, “பரீட்சை என்ன ஆச்சு?” என்றார். பாஸ் என்றேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் கட்டிக்கொண்டார். முதல் தடவையைவிட இறுக்கமாக. விளக்கு வைக்கிற நேரத்தில் இன்னொரு தடவை கேட்டார். இன்னொரு தடவை பாஸானேன். இரண்டு தடவை தோற்றவள் ஒரே நாளில் மூன்று தடவை தேறியிருக்கிறேன். யாருக்குக் கிடைக்கும் இது?

அதற்குப் பிறகுதான் நடந்தது. நான் அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். அவர் நிலைப்படியில் வந்து நின்றார். “ஏளா...” என்றார். நின்றுவிட்டார். இப்போது எனக்குத் தெரியும், அவர் எங்கே நிற்கிறார் என்று. கண் அங்கும் இங்கும் ஓடியது. அவர் விரல் நிலையைச் சுரண்டிக்கொண்டிருந்தது. முன்பென்றால் நானே சொல்லியிருப்பேன், இல்லாவிட்டால் கத்தியிருப்பேன்.

அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தில் போனேன். ஆசீர் சார் பேசுகிற மாதிரி மெல்லச் சொன்னேன். “அவசரமில்லை. வண்டி நிக்குது. எல்லாரும் இறங்கட்டும். நீங்க விசிலடிச்சாத்தான வண்டி எடுப்பாங்க?”

கை சுரண்டுவதை விட்டது. மூச்சு மெதுவாயிற்று. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“மறதி” என்றார்.

சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டார். “ஐயோ, சொல்லப்பிடாதுன்னு சொன்னேல்லா” என்றார், தப்புச் செய்த பிள்ளை மாதிரி. எது எதுவோ போன இடத்தில், நான் ஒரு நாள் சொன்னது அவருக்குள் போகாமல் இருக்கிறது.

“அது பரீட்சை முடியற வரைக்கும்தான். முடிஞ்சிட்டு” என்றேன். “நான் பாஸாயிட்டேன். இனிமே கூப்பிடுங்க.”

“பாஸாயிட்டியா?” என்றார்.

தோசைக்கல் ஆறிவிட்டது. மறுபடி பற்றவைத்துச் சுட வேண்டியிருந்தது. சாப்பிடும்போது அவர் என்னை நிறையத் தடவை கூப்பிட்டார், சட்னிக்கு, தண்ணீருக்கு, சும்மாவும். கூப்பிட்டதற்கெல்லாம் “என்னங்க” என்றேன்.